ஆவணியில் அளந்த சிப்பிகள்

மெல்பேர்னில் எனக்கு முதலில் கிடைத்த வேலை, செத்துப்போன சிப்பிகளை அளப்பது. செத்து என்றால் நேற்று முந்தநாள் செத்ததல்ல. மனிதர் என்று ஒன்று உண்டாவதற்கு வெகுகாலம் முன்பே அந்த இனமே பூண்டோடு இல்லாமற் போய்விட்டது.

யாழ்ப்பாணத்தில் ஒரு பெண்கள் கல்லூரியில் விலங்கியல் படிப்பித்துக்கொண்டிருந்தவள் நான். இங்கே படிப்பிக்க வேண்டுமானால் நானே திரும்பப் படிக்க வேண்டும் என்றார்கள். என் கணவர் பொறியியலாளர், இவருக்கு வந்த கையோடு வேலை கிடைத்துவிட்டது. மல்கிரேவில், மரக்கறித் தோட்டங்கள் இன்னும் மிச்சமிருந்த பக்கமாக, ஒரு சின்னச் செங்கல் வீட்டை வாடகைக்கு எடுத்தோம். பகல் முழுவதும் அதற்குள் தனியே கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும் போலிருந்தது. பஸ்சில் போகக்கூடிய தூரத்திலிருந்த பல்கலைக்கழகத்தில், பாறைகளைப் பற்றிப் படிக்கும் பகுதியில், அளவெடுக்க ஆள் தேவை என்று கேள்விப்பட்டுப் போனேன். பேராசிரியர் என் சான்றிதழ்களைத் திறந்தும் பார்க்கவில்லை. ஒரு சிப்பியையும் வேணியர் இடுக்கிமானியையும் என் கையில் தந்து, "இதின்ர உயரத்தைச் சொல்லுங்கோ," என்றார். சொன்னேன். இன்னொருமுறை அளக்கச் சொன்னார். அதே எண் வந்தது.

"திங்கட்கிழமை வாருங்கோ," என்றார்.

அவர் பேசியது இங்கிலீசுதான். அந்த அறையில் எல்லாருமே இங்கிலீசுதான் பேசினோம். ஆனால் இப்போது நினைத்துப் பார்க்கும்போது எனக்கு எல்லாம் எங்கள் பேச்சில்தான் வருகிறது, அப்படியே எழுதிவிடுகிறேன்.

அவர் தீர்க்க நினைத்த கேள்வி, கேட்பதற்கு லேசானது. இங்கே பியூமாரிஸ் கடற்கரையின் மஞ்சள் பாறைகளில் இரண்டு விதமான சிப்பிகள் கிடைக்கும். ஒன்று சின்னது, வட்டமானது. மற்றது பெரியது, ஒரு பக்கம் பிடித்து இழுத்துவிட்டது போல நீண்டிருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அவற்றை முதலில் பார்த்த ஆள், இரண்டும் வேறு வேறு இனம் என்று எழுதி வைத்துவிட்டுப் போய்விட்டார். எங்கள் பேராசிரியருக்கு அதில் நம்பிக்கையில்லை. வட்டமானது பெரியதின் பிள்ளைப் பருவம், வளர வளரத்தான் அது நீள்கிறது என்பது அவருடைய எண்ணம்.

சிப்பி வளரும்போது பழைய ஓட்டைக் கழற்றி எறிவதில்லை. விளிம்பிலேயே மேலும் மேலும் கட்டிக்கொண்டு போகும். அதனால் பெரிய ஓடு ஒன்றின் முதுகைப் பார்த்தால், அது சின்னனாக இருந்தபோது விளிம்பு எங்கே நின்றதோ அதெல்லாம் கோடு கோடாகக் கிடக்கும். ஒவ்வொரு கோட்டிலும் நீளத்தையும் உயரத்தையும் எடுத்தால், அந்த ஒரே சிப்பி எந்த வயதில் என்ன வடிவத்தில் இருந்தது என்று தெரிந்துவிடும். பெரியது சின்ன வயதில் வட்டமாக இருந்திருந்தால் பேராசிரியர் சொல்வது சரி. அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' எங்களுக்கு இரண்டு வருடத்துக்கு மேல் எடுத்தது.

எங்களுக்கு என்று சொன்னேன். அறையில் என்னோடு இன்னொருத்தி இருந்தா. லாத்வியாவில் பிறந்தவ. இரண்டாம் உலக யுத்தம் முடிந்த பிறகு அகதிகளை ஏற்றிவந்த கப்பல் ஒன்றில் இங்கே வந்து இறங்கியிருக்கிறா. ஐம்பதைக் கடந்த வயது. ஊசியாலும் பழைய பல்லுத்தூரிகையாலும் சிப்பியில் ஒட்டிக்கிடக்கும் மணலை எடுப்பது அவவின் வேலை. எடுத்து முடிந்ததும் ஒரு வெள்ளைப் புகையை ஊதி மேலே படியவைப்பா. அப்போதுதான் கோடுகள் கண்ணுக்குத் தெரியும். நான் அதை மெழுகுக் களியில் பதித்து நிறுத்தி, கோடுகளில் பென்சிலால் புள்ளி வைத்து அளப்பேன். முதல் வருடம் முழுவதும் எங்களுக்குள் நடந்த கதையெல்லாம் அந்தக் கோடுகளைப் பற்றிய சண்டைதான்.

"இது வளர்ச்சிக்கோடு இல்லை. உடைஞ்சுபோய்ப் பிறகு கட்டினது," என்பா.

"விளிம்பு முழுக்க ஓடுதே."

"முன்பக்கத்தைப் பாருங்கோ. ஓடேல்லை."

பார்த்தால் ஓடியிருக்காது. சில நேரம் ஓடியிருக்கும். அப்போது சட்டென்று அடுத்த சிப்பியைக் கையில் எடுத்துவிடுவா.

களைப்பு என்றால் அந்த வேலையில்தான் எனக்கு விளங்கியது. படிப்பிக்கிற களைப்பு வேறு. அது தொண்டையிலும் காலிலும் இருக்கும். இரவு படுத்தெழும்பினால் போய்விடும். இது கண்ணுக்குப் பின்னால் எங்கேயோ போய்க் குந்திக்கொள்ளும். பின்னேரம் பஸ்சில் வரும்போது ஜன்னல் கண்ணாடியில் மழைத்தண்ணீர் வழிந்தால், அதில் எது முழுக்க ஓடுகிறது, எது பாதியில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டு வருவேன். சில ஓடுகள் சுண்ணாம்பு மாதிரி. இடுக்கிமானியின் வாய் பட்டதும் பொரிந்து கொட்டிவிடும். அதுவரை அந்த ஓட்டில் எடுத்த அளவெல்லாம் வீண். லாத்வியாக்காரி ஒரு தூரிகையால் தூளைக் கூட்டி ஒரு கடித உறைக்குள் போடுவா. எதற்குப் போடுகிறா என்று நான் கேட்டதில்லை.

எழுபத்தேழாம் ஆண்டு ஆவணி. இங்கே அது நல்ல குளிர்காலம். ஒரு காலை நான் எழும்பி வரும்போது, இவர் குசினிக்குள் சிற்றலை வானொலியைக் காதோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஊற்றிவைத்த தேத்தண்ணி ஆறிப்போய்க் கிடந்தது.

"கலவரம் கொழும்பிலயும் தொடங்கீட்டுதாம். தமிழ்ச் சனத்தை அடிக்கினமாம்," என்றார்.

என் தம்பிக்குக் கொழும்பில் ஒரு அரசாங்கக் கந்தோரில் வேலை. அவன், மனைவி, அப்போதுதான் நடை பழகியிருந்த மகள், மனைவியின் தாயான மாமி என்று நாலு பேர், நகரத்துக்கு வெளியே ஒரு வாடகை வீட்டில். அக்கம்பக்கத்தில் தமிழர் வீடு அது ஒன்றுதான். அது மலிவு, காற்றோட்டம் நல்லது என்று எழுதியிருந்தான்.

அங்கே கதைப்பதற்கு ரெலிபோன் பதிவுசெய்து பார்த்தோம். லைன் இல்லை என்றார்கள். மறுபடி பதிந்தோம். மறுபடி இல்லை. எங்கள் வீட்டில் ரெலிபோன் கிடையாது. இவர் பொதுத் தொலைபேசிக் கூண்டுக்குள் நின்று சில்லறையைக் கையில் பிடித்துக்கொண்டு கதைத்துவிட்டு வருவார். அவசரத்துக்கென்று ஊரில் எல்லாருக்கும் நாங்கள் எழுதி அனுப்பியிருந்தது என் வேலைத்தலத்து எண். அந்த நாட்களில் தந்தி வந்தால் முதலில் ரெலிபோனில் வாசித்துச் சொல்வார்கள். தாள் பிறகுதான் வரும்.

அதனால் என்னால் வேலைக்குப் போகாமல் இருக்க முடியவில்லை. போர்த்துக்கொண்டு படுத்து அழுவதற்குக்கூட வழியில்லை. செய்தி வந்தால் சிப்பிகள் இருந்த அறைக்குத்தான் வரும்.

நான் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் பத்திரிகையின் உள்பக்கத்தில் சின்னதாக ஒரு செய்தி வந்திருந்தது. பேராசிரியர் அதை மடித்துக் கையில் வைத்துக்கொண்டு வந்து வாசலில் நின்றார்.

"இது உங்கட ஊர்தானே?"

"ஓம்."

"உங்கட ஆக்கள் ஆரும் அங்க இருக்கினமோ?"

தம்பியைப் பற்றிச் சொன்னேன். அவர் உயரமான மனிதர், அந்த உயரத்தை எங்கே வைப்பதென்று தெரியாதவர் போல நின்றார். பிறகு போய்விட்டார். சிறிது நேரத்தில் காவலாளி ஒருவர் வந்து, கந்தோரில் இருந்த ரெலிபோனுக்கு நீளமான வயர் போட்டு, என் மேசைக்குக் கொண்டுவந்து வைத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் பேராசிரியர் கட்டிடத்தின் திறப்புச் சாவியை என்னிடம் தந்தார்.

"சனி ஞாயிறும் தந்தி வரும்தானே," என்றார்.

அந்தச் சனிக்கிழமை நானும் இவரும் போய் இருந்தோம். வெப்பமூட்டியை நிறுத்தியிருந்தார்கள். இவர் ஓவர்கோட்டைக் கழற்றாமல் கதிரையில் இருந்து, வாசித்த பேப்பரையே திருப்பித் திருப்பி வாசித்தார். சும்மா இருக்க முடியாமல் நான் தட்டிலிருந்து ஒரு சிப்பியை எடுத்தேன். மத்தியானம் பேராசிரியர் வந்தார். தோட்டவேலைக்குப் போடும் காற்சட்டையோடு, முட்டை வைத்த சாண்ட்விச் கொஞ்சத்தைத் துணியில் சுற்றிக்கொண்டு வந்திருந்தார். ஏதோ வேலையாக வந்தது போல ஒரு வரைபுத்தாளை விரித்து வைத்துக்கொண்டு இருந்தார். பின்னேரம் வரைக்கும் அதில் ஒரு புள்ளிகூட வைக்கவில்லை.

ரெலிபோன் அடித்தது செவ்வாய்க்கிழமை. நான் கழிப்பறைக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது லாத்வியாக்காரி நின்றபடி, பெரிய எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தா. ரெலிபோனை வைத்துவிட்டுத் தாளை என்னிடம் நீட்டினா.

மூவர் பத்திரம். யாழ்ப்பாணம் வந்துவிட்டனர்.

அனுப்பியவர் இவரின் அக்காவின் கணவர். நான் அதை இரண்டு மூன்று தரம் வாசித்தேன்.

"நல்ல செய்திதானே?" என்று லாத்வியாக்காரி கேட்டா.

"அவையள் நாலு பேர்," என்றேன்.

அன்றிரவு இவர் எனக்கு விளங்கப்படுத்தப் பார்த்தார். "குழந்தையைக் கணக்கில எடுத்திருக்க மாட்டினம். கைப்பிள்ளைதானே."

"உங்கட அத்தான் கணக்கு வாத்தியார். எண்ணாமல் விடுவாரோ?"

இவர் விளக்கை அணைத்துவிட்டு, "நீர் கண்டபடி யோசியாதையும். போய்ப் படும்," என்றார். இவரும் நித்திரை கொள்ளவில்லை என்பது எனக்குத் தெரியும்.

யார் அந்த நாலாவது ஆள்? பிள்ளையா, மாமியா, தம்பியா, தம்பியின் மனைவியா? யாராக இருந்தால் பரவாயில்லை என்று என் மனம் தன்பாட்டில் தேடத் தொடங்கிவிட்டது. மாமிக்கு வயது போய்விட்டது என்று ஒரு எண்ணம் வரும். உடனே, அவ என் பிள்ளைப்பேற்றுக்கென்று, பிறகு தங்காமற் போன அந்தப் பிள்ளைக்கென்று, மருந்துச் சரக்கு இடித்துப் பொதி கட்டிக் கொழும்பிலிருந்து அனுப்பியதும் கூடவே ஞாபகம் வரும். அந்த எண்ணத்தை நிறுத்துவதற்காகவே நான் அளந்தேன். காலையிலிருந்து பின்னேரம் வரை நிமிராமல் அளந்தேன். லாத்வியாக்காரி தன் ஊசியை வைத்துவிட்டு என் பக்கத்தில் கதிரையைப் போட்டுக்கொண்டு, நான் சொல்லும் எண்களை எழுதத் தொடங்கினா. அது அவவின் வேலையல்ல. ஒருநாள் நான் கேட்டேன்.

"உங்கட ஆக்கள் எல்லாரும் எங்க?"

"அம்மா. ரெண்டு தங்கச்சிமார். ரயிலடியில பிரிஞ்சனாங்கள். பிறகு தேடச் சொல்லி எல்லா இடத்துக்கும் எழுதினன்."

"பதில்?"

"இன்னும் வரேல்லை," என்றா.

யுத்தம் முடிந்து முப்பது வருடத்துக்கு மேலாகியிருந்தது. நான் அவவின் முகத்தைப் பார்த்தேன். அவ தாளைப் பார்த்துக்கொண்டிருந்தா.

"உயரம்?" என்று கேட்டா. சொன்னேன். எழுதினா.

இரண்டாவது தந்தியை நானே எடுத்தேன். தந்திக் கந்தோரில் பேசிய பெண்ணுக்கு இளம் குரல், உற்சாகமான குரல். ஊர்ப் பேரை எழுத்தெழுத்தாகச் சொல்லத் தொடங்கினா. அதெல்லாம் வேண்டாம், செய்தியைச் சொல்லுங்கள் என்றேன்.

"சகோதரர் வந்து சேர்ந்தார். கை முறிந்துள்ளது. மற்றப்படி சுகம்," என்று வாசித்தா. "பதில் ஏதும் அனுப்பவேணுமோ, லவ்?" என்று இங்கத்தைய வழக்கப்படி செல்லமாகக் கேட்டா.

லாத்வியாக்காரி ரெலிபோனை என் கையிலிருந்து எடுத்து, பிறகு அனுப்புவோம் என்று சொல்லி வைத்தா. நான் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டேன். மெழுகுக் களி கன்னத்தில் ஒட்டியது. பேராசிரியருக்கு யார் போய்ச் சொன்னார்களோ தெரியாது. வந்து, "நல்லது. நல்லது," என்று இரண்டு தரம் சொல்லிவிட்டுத் தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. அகதி முகாமாக்கிய பள்ளிக்கூடம் ஒன்றில் அவர்கள் எல்லாரும் இருந்திருக்கிறார்கள். பெண்களையும் பிள்ளைகளையும் முதலில் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். தம்பி பின்னால் நின்று பிறகு வந்திருக்கிறான். கை எப்படி முறிந்தது என்று அவன் எங்களுக்கு எழுதவில்லை. மனைவிக்கும் சொல்லவில்லையாம்.

அடுத்த கிழமை நான் வேலைக்குப் போனபோது, லாத்வியாக்காரி அந்த நாட்களில் அளந்த சிப்பிகளை எல்லாம் வேறாக எடுத்துத் தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தா.

"இதையெல்லாம் திரும்ப அளப்பம்," என்றா. "அந்த நிலையில ஆராலயும் சரியா அளக்கேலாது."

எனக்கும் அதுதான் சரியென்று பட்டது. பழைய எண்களைப் பார்க்காமல் புதிதாக அளந்தோம். நான் அளக்க அவ எழுதினா. அவ அளக்க நான் எழுதினேன். முடிந்த பிறகு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். ஒன்றாகவே இருந்தன. மற்ற நாட்களில் வரும் சின்னச் சின்ன வித்தியாசங்கள்கூட அந்த நாட்களில் குறைவு. 'மூவர்' என்ற சொல்லைத் தலைக்குள் வைத்துக்கொண்டு நான் எடுத்த அளவுகள்தான் அந்த வருடத்திலேயே திறமான அளவுகள்.

லாத்வியாக்காரி தாளை மூடினா. "சரி, பழைய எண்களே இருக்கட்டும்," என்றா.

எனக்கு அது ஆறுதலாக இல்லை. அந்த அளவுகள் பிழையாகிப் போயிருக்க வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறேன் போல. தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாத நேரத்தில் என் கை நடுங்கியிருக்க வேண்டாமா? கண் மங்கியிருக்க வேண்டாமா? வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். "நல்லதுதானே? ஒண்டும் வீணாப் போகேல்லை," என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை.

அதற்குப் பிறகும் மாதக் கணக்கில் வேலை நடந்தது. தம்பியின் கை வளைந்தபடியே பொருந்திவிட்டது என்று எழுதினார்கள். அவன் கொழும்புக்குத் திரும்பவில்லை. ஊரில் ஒரு கடையில் கணக்கெழுதப் போனான். இங்கே கூப்பிடுவதற்கு என்னென்ன தேவை என்று நான் விசாரித்து எழுதினேன். இரண்டு முறை பதில் இல்லை. மூன்றாம் முறை எழுதியபோது, "அக்கா, அங்க வந்து நான் என்னத்தை அளக்கிறது? களைச்சுப் போனன். கொஞ்ச நாளைக்கு ஒரு இடத்தில இருக்கவிடு," என்று எழுதினான். அந்த எழுத்து அவனுடையது போலவே இல்லை. இடக்கையால் எழுதியிருக்கிறான் என்று இவர்தான் கண்டுபிடித்தார்.

மறு வருடம் இலையுதிர் காலத்தில் எல்லா அளவுகளும் முடிந்தன. பேராசிரியர் கணனிக்காரரிடம் கொடுக்கும் முன் தன் கையால் ஒருமுறை வரைந்து பார்க்க வேண்டும் என்றார். பெரிய வரைபுத்தாள் ஒன்றைச் சுவரில் ஒட்டினார். நாங்கள் எண்களை வாசிக்க வாசிக்க அவர் புள்ளி வைத்துக்கொண்டே போனார். பெரிய சிப்பிக்குச் சிவப்பு, வட்டச் சிப்பிக்கு நீலம். வட்டமானது பெரியதின் பிள்ளைப் பருவம் என்றால், சிவப்புக் கோடு கீழே இறங்கி நீலத்துக்குள் போய்க் கலந்திருக்க வேண்டும். அது கலக்கவில்லை. பெரிய சிப்பி நகத்தளவு இருந்தபோதே நீளமாகத்தான் இருந்திருக்கிறது. வட்டமானது கடைசிவரை வட்டமாகத்தான் இருந்திருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தனித்தனியே ஏறிப்போயின.

பேராசிரியர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு பின்னால் தள்ளி நின்று பார்த்தார். பிறகு ஒரு வட்டச் சிப்பியை எடுத்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, விளிம்பைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார்.

"விளிம்பில கோடெல்லாம் நெருங்கிக் கிடக்குது. இது வளர்ந்து முடிஞ்ச சிப்பி. பிள்ளையில்லை. இதைத் தினமும் பாத்திருக்கிறன்."

"நாங்களும்தான்," என்று லாத்வியாக்காரி சொன்னா.

"அப்ப அந்தப் பழைய மனிசன் எழுதினது சரி," என்றார். கோபமில்லை, கவலையும் பெரிதாகத் தெரியவில்லை. நீண்டதூரம் நடந்து வந்து, கடை பூட்டியிருக்கக் கண்டவர் போல இருந்தார். "தேத்தண்ணி குடிப்பமோ?"

குடித்தோம். ஆளுக்கொரு பிஸ்கட். ஜன்னலுக்கு வெளியே பெடியள் சத்தம் போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்கள். அன்று முழுவதும் அவர் அந்தத் தாளைச் சுவரிலிருந்து கழற்றவில்லை.

தான் பிழை என்று எழுதுவதற்கும் அவர் தயங்கவில்லை. கட்டுரை மூன்று பக்கம் வந்தது. முடிவில், பொறுமையாக அளவெடுத்த இரண்டு பெண்களுக்கு நன்றி என்று ஒரு வரி. அச்சான பிரதி ஒன்றை என்னிடம் தந்தார். லாத்வியாக்காரி தன் பிரதியை ஒருதரம் வாசித்தா. அச்சில் ஒரு அளவு பிழையாக விழுந்திருக்கிறது என்று கண்டு, பென்சிலால் திருத்தி, கைப்பைக்குள் வைத்துக்கொண்டு போனா.

நான் பிரதியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்று இவர் எனக்கு முதலே வந்து சமைத்துக்கொண்டிருந்தார். அடுப்படியில் நின்றபடியே மூன்று பக்கத்தையும் வாசித்தார். அகப்பை ஒரு கையில், கட்டுரை மறு கையில்.

"அப்ப ரெண்டும் வேற வேறதானோ?"

"ஓம்."

"முந்தியும் அப்பிடித்தானே சொல்லியிருந்தவை?"

"ஓம்."

"இதுக்கோ இவ்வளவு நாளும்?"

"ஓமப்பா."

இவர் கட்டுரையில் குழம்பு படாமல் அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டு, எனக்குச் சோறு போட்டார். பருப்பு கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. சாப்பிட்டு முடிந்ததும், சோற்றுக் கோப்பையைக்கூடக் கழுவாமல், கோட்டோடு போய்ப் படுத்துவிட்டேன்.